நீபவாவின் சம்மதம்

நீபவாவைப் பேச வைக்கலாம் என்று முதலில் சொன்னவள் அமலிதான். பிற்பாடு அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட அவள் முயன்றதில்லை.

அது 2061ஆம் ஆண்டு. மாசசூசெட்ஸ் கடற்கரையில் ஓக் மரங்கள் அடர்ந்த ஒரு மேடு இருந்தது. முந்நூறு ஏக்கர் இருக்கும். அதன் மேல் ஒரு கூட்ட மண்டபம், ஒரு மொழிப் பள்ளி, நாற்பது ஐம்பது வீடுகள், ஓர் இடுகாடு. வாம்பனோக் பழங்குடியின் சின்னக் கிளை ஒன்று, எழுநூறு பேருக்குக் கொஞ்சம் கூட, அந்த மேட்டை நம்பி வாழ்ந்து வந்தது. கீழே கடலை ஒட்டி ஹார்லோ என்ற வசதியான ஊர். கடல் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டிருந்தது. ஹார்லோவின் முதல் மூன்று தெருக்களில் வீட்டுப் படிகளைத் தாண்டி உப்புத் தண்ணீர் நின்றது. ஊரை மேலே நகர்த்துவது என்று நகரசபை முடிவெடுத்தது. மேலே என்றால் அந்த மேடு ஒன்றுதான்.

நகரசபை ஒரு பழைய தோல் பத்திரத்தைக் கோர்ட்டில் கொண்டுவந்து வைத்தது. 1671இல் எழுதியது. வாம்பனோக் தலைவி நீபவா தன் முழு மனதோடு அந்த மேட்டை ஆங்கிலேயருக்கு என்றென்றைக்குமாகக் கொடுத்துவிட்டாள் என்று அதில் இருந்தது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பறவைக் கால் போல மூன்று கோடுகள். பாறையும் வேருமாக இருந்த மேட்டை உழ முடியாது என்று அந்தக் கால ஆங்கிலேயர் அப்படியே விட்டுவிட்டதால், முந்நூற்றுத் தொண்ணூறு வருஷமாக அந்தப் பத்திரத்தை யாரும் வெளியே எடுக்கவில்லை.

அமலி அப்போது பாஸ்டனில் மறுகுரல் என்ற நிறுவனத்தில் தலைமைப் பொறியாளர். தூத்துக்குடிக்காரி. வயது நாற்பத்தொன்று. இறந்தவர்களின் கடிதங்கள், குறிப்புகள், பதிவான பேச்சுகள் எல்லாவற்றையும் வைத்து, ஒரு கேள்விக்கு அந்த ஆள் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று கணித்துச் சொல்லும் இயந்திரத்தை அந்த நிறுவனம் செய்துகொண்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு சட்டமும் வந்திருந்தது. துல்லியம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் இப்படி வார்த்தெடுத்த ஆளைக் கோர்ட் சாட்சியாக ஏற்கலாம். தாத்தாவின் உயிலில் சந்தேகம் என்று வருகிற குடும்பங்களுக்குத்தான் அது அதுவரை உதவியிருந்தது. மேட்டின் வழக்கைச் செய்தியில் படித்ததும் அமலிக்குக் கை பரபரத்தது. செத்துப்போன ஒருத்தியின் பேரால் உயிரோடு இருப்பவர்களின் மண்ணைப் பிடுங்குகிறார்கள். அவளையே கூப்பிட்டுக் கேட்டால் என்ன?

பழங்குடி மன்றத்தின் தலைவி ரூத் அட்டமனுக்கு அவள் எழுதினாள். ஒரு வாரம் கழித்து வரச்சொல்லிப் பதில் வந்தது.

ரூத்துக்கு ஐம்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். பத்தொன்பது வருஷமாக மன்றத்தின் தலைவி. அவள் நடத்திய ஒவ்வொரு கூட்டமும் ஒலிப்பதிவாகியிருந்தது. நகரசபை, மாநில அரசு, மீன்வளத் துறை என்று யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் முடியாது என்று சொல்லியே பேர் வாங்கியவள். அமலி சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"நீபவா யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பத்திரத்துல படிச்சதுதான்."

"அப்போ ஒண்ணும் தெரியாது."

ரூத் சொன்னாள். நீபவாவின் அண்ணன் கொல்லப்பட்டபோது அவளுக்கு இருபத்தாறு வயது. மக்கள் கூடி அவளைச் சங்ஸ்க்வா ஆக்கினார்கள். பெண் தலைவிக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். ஆங்கிலேயர் அவிழ்த்துவிட்ட பன்றிகள் சோளக் கொல்லைகளைக் கிண்டித் தின்றன. அவள் முப்பது மைல் நடந்து போய் ஆங்கிலேயர் கோர்ட்டில் நின்று முறையிட்டாள். ஒரு தடவை இல்லை, பதினொரு தடவை. பிறகு பெரிய சண்டை வந்தது. மற்ற தலைவர்கள் ஆயுதம் எடுத்தபோது அவள் தொண்ணூறு பேரைக் கூட்டிக்கொண்டு சதுப்புக் காட்டுக்குள் போனாள். ஒரு குளிர்காலம் முழுக்கக் கிழங்கும் சிப்பியும் தின்று அவர்களைக் காப்பாற்றினாள். பனி உருகியதும் சமாதானம் பேசி வெளியே கூட்டி வந்தாள். ஆங்கிலேயர் கொடுத்த வாக்கை அன்றைக்கே மீறினார்கள். நாற்பது பேரைப் பிரித்துக் கப்பலில் ஏற்றித் தெற்கே தீவுகளில் அடிமைகளாக விற்றார்கள். நீபவாவின் மகளும் அந்தக் கப்பலில் போனாள்.

"மிச்சம் இருந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? மண்ணையும் வித்தா, மக்களையும் வித்தான்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் இருபத்திரெண்டு வருஷம் அவ இந்த மேட்டுலதான் இருந்தா. அவ அடுப்புப் பக்கம் யாரும் உக்காரல. இன்னைக்கும் எங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் பொண்ணுக்கு அவ பேர வைக்கிறாங்க. மீதிப் பேர் அந்தப் பேரு இருக்கற வீட்டுல தண்ணி குடிக்க மாட்டாங்க."

"நீங்க எந்தப் பக்கம்?"

"கப்பல்ல ஏத்தாம விட்டுப்போன அவ மகனோட வம்சம் நாங்க. எங்களுக்குப் பக்கமெல்லாம் கிடையாது. பதில் சொல்றதுதான் எங்க வேலை."

இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்று அமலி விளக்கினாள். நீபவா பேசியதாக எழுதிவைத்த காகிதங்கள் எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் கிடைத்திருந்தன. கோர்ட் வாக்குமூலங்கள், இரண்டு பத்திரங்கள், எழுத்தரிடம் சொல்லி எழுதவைத்த மூன்று கடிதங்கள், ஒரு பாதிரியாரின் நாட்குறிப்பு.

"இதெல்லாம் எழுதினது யாரு?" என்றாள் ரூத்.

"ஆங்கிலேயர்தான். அவங்களுக்குத்தான் எழுத்து இருந்தது."

"அப்போ சரியா வருதான்னு எப்படிப் பாப்பீங்க?"

"பத்துப் பக்கத்த இயந்திரத்துக்குக் காட்டாம ஒளிச்சு வச்சுருவோம். அதுல இருக்கற கேள்விகளைக் கேப்போம். சொல்ற பதில் அந்தப் பக்கத்தோட ஒத்துப்போனா சரி."

"அந்தப் பத்துப் பக்கமும் அதே ஆளுங்க எழுதினதுதானே?"

ஒரு மனுஷியின் குணம் யார் எழுதினாலும் எங்காவது கசிந்து வரும் என்று அமலி சொன்னாள். அப்போது அவள் அதை முழுக்க நம்பினாள்.

வழக்கறிஞர்கள் எல்லோரும் கையை விரித்திருந்தார்கள். வேறு ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. மன்றம் கூடி வாக்கெடுத்தது. சரி என்று முடிவாயிற்று.

வேலை எட்டு மாதம் நடந்தது. நீபவா ஆங்கிலத்தில் பேசக் கூடாது என்பதில் மன்றம் உறுதியாக இருந்தது. ரூத்தின் சித்தி மகள் எஸ்தர் மொழிப் பள்ளியின் ஆசிரியை. நூற்றைம்பது வருஷம் யார் நாக்கிலும் இல்லாமல் கிடந்த மொழியை, பழைய பைபிளிலிருந்தும் பத்திரங்களிலிருந்தும் சொல் சொல்லாக மீட்டெடுத்த வழியில் வந்தவள். அவள் தினமும் பாஸ்டனுக்கு வந்து இயந்திரத்துக்கு உச்சரிப்பு கற்றுக்கொடுத்தாள். ஆங்கிலக் காகிதத்தில் இருந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் நீபவாவின் வாயில் எப்படி வந்திருக்கும் என்று திருப்பி எழுதினாள். அந்த வேலையில் அவள் இரண்டு சுற்று இளைத்துப்போனாள். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

நவம்பரில் கூட்ட மண்டபத்தில் நீபவாவை முதல் தடவையாகப் பேச வைத்தார்கள். நானூறு பேர் வந்திருந்தார்கள். படம் எதுவும் கிடையாது, குரல் மட்டும். பன்றிகளைப் பற்றி எஸ்தர் கேட்டாள். சற்று கரகரத்த பெண்குரல் ஒன்று நிதானமாகப் பேசத் தொடங்கியது. எந்தக் கொல்லையில் எத்தனை வரிசை போயிற்று, எந்த ஆங்கிலேயனின் பன்றி, காதில் என்ன வெட்டு அடையாளம் என்று சொல்லிக்கொண்டே போயிற்று. நடுவில் ஒரு கட்டத்தில், "வேலி போட வேண்டியது நானா, பன்றி வைத்திருப்பவனா?" என்று கேட்டது. மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். அவள் பேரைக் கேட்டால் எழுந்து போகிறவர்கள் என்று ரூத் சொல்லியிருந்த குடும்பங்களும் அன்றைக்கு உட்கார்ந்து கேட்டன. எஸ்தர் வந்து அமலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துல்லியம் தொண்ணூற்று நாலு.

பத்திரத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. வழக்குக்குரிய கேள்வியை முன்னாலேயே கேட்டால் சாட்சியைப் பழக்கியதாகும் என்று சட்டம் இருந்தது.

வழக்கு பிப்ரவரியில் விசாரணைக்கு வந்தது. கோர்ட்டில் சாட்சிக் கூண்டுக்குள் ஒரு ஒலிபெருக்கியை வைத்திருந்தார்கள். நகரசபையின் வழக்கறிஞர் ஒல்லியான, மரியாதையான மனிதர். அந்தப் பத்திரத்தின் வாசகத்தைப் படித்துவிட்டுக் கேட்டார். எஸ்தர் மொழிபெயர்த்தாள்.

"இந்தக் குறி உங்களுடையதா?"

"ஆம்."

"யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?"

"இல்லை. முழு மனதோடு கொடுத்தேன். எனக்குத் திருப்தி."

எஸ்தர் அதை மொழிபெயர்க்கவில்லை. நீதிபதி இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை அவள் சொன்னாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மேட்டுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பதில் வந்த கணத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த மொழியை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவளே எஸ்தர்தான்.

பழங்குடியின் தரப்பு வழக்கறிஞர் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். கொடுப்பதென்றால் விற்பதா, சேர்ந்து பயன்படுத்துவதா? ஆங்கிலேயர் சொன்னது முழுதாகப் புரிந்ததா? எல்லாவற்றுக்கும் அந்தக் குரல் பணிவாக, பத்திரத்தின் வாசகத்தையே பதிலாகச் சொன்னது.

மறுநாள் அமலியைக் கூண்டில் ஏற்றினார்கள். நகரசபையின் வழக்கறிஞர்தான் கேட்டார்.

"உங்கள் இயந்திரம் பதிவுகளுக்கு உண்மையாக இருக்கிறதா?"

"ஆமாம், ஆனா..."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி.

"ஆமாம்."

"வேண்டுமென்றே பொய் சொல்லும்படி அதை அமைத்திருக்கிறீர்களா?"

"இல்ல. அவ மாட்டேன்னு சொன்ன எதையும் அந்த ஆளுங்க எழுதி வச்சிருக்க மாட்டாங்க. அதனால..."

"பின்பகுதியைப் பதிவிலிருந்து நீக்குங்கள்" என்றார் வழக்கறிஞர். நீதிபதி தலையை அசைத்தார். நீக்கப்பட்டது.

ஆபீசுக்குத் திரும்பியதும் அமலி தன் மேலதிகாரி குலசேகரனின் அறைக்குப் போனாள். அவர் பாளையங்கோட்டைக்காரர். தனியாக இருக்கும்போது இருவரும் ஊர்த் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள்.

"மெஷின் பொய் சொல்லல. நீயும் பொய் சொல்லல. பொறவு எதுக்கு இப்படிக் கெடந்து தவிக்கே?"

"பதினோரு தடவ நடந்து போயி சண்ட போட்டவ சார் அவ. முழு மனசோட குடுத்தேன்னு சொல்லுவாளா?"

"சொன்னதாத்தான காயிதத்துல இருக்கு."

"காயிதத்துல இருக்கதத்தான் சார் சொல்லுதேன். பன்னி தின்ன கதைய எழுதுனா அவனுவளுக்கு நட்டமில்ல, அதான் எழுதிட்டானுவ. மண்ணு விசயத்துல அவ சண்ட போட்டிருந்தா எழுதுவானா? நான்தான் அவளுக்குக் கொரலு குடுத்தேன். அவ வாயில அவனுவ வார்த்தைய வச்சு, அவ பிள்ளைய முன்னாலயே பேச வச்சிட்டேன்."

குலசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதாதத நாம எங்க போயித் தேட முடியும்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை.

தீர்ப்பு மார்ச் முதல் வாரம் வந்தது. மேடு ஹார்லோவுக்கு. அந்த வாரமே பழங்குடியில் ஏழு குடும்பங்கள் தங்கள் பெண்களுக்கு வைத்திருந்த நீபவா என்ற பேரை மாற்றின. மொழிப் பள்ளிக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அந்த மொழியில் அவர்கள் கேட்ட முதல் பழைய குரல் அதுதான். அது இப்படிச் சொல்லிவிட்டது. எஸ்தர் வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டுப் பலகையைப் பார்த்தபடி நிற்பாள் என்று சொன்னார்கள்.

ஏப்ரலில் ஒருநாள் மத்தியானம் ரூத் அமலியைக் கோர்ட் வளாகத்துக்கு வரச்சொன்னாள். நகரசபையின் வழக்கறிஞரோடு மூடிய அறையில் நாலு மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்திருந்தாள். அமலியின் காரில் ஏறினாள். கார் தானாக ஓடியது. பாதி வழியில் சதுப்பு நிலம் தெரியத் தொடங்கியதும் நிறுத்தச் சொன்னாள்.

"போனைக் கார்லயே வச்சுட்டு வா."

அந்தக் காலத்துக் கார்கள் உள்ளே பேசுவதையெல்லாம் பதிவுசெய்தன. இருவரும் இறங்கி நாணல் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். காற்று பலமாக இருந்தது. ரூத் குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"மேல்முறையீட்டுக்குப் போனா, கடலேற்ற அவசரச் சட்டத்தைப் போட்டு இருபத்தோரு நாள்ல மேட்டைக் காலி பண்ணுவாங்க. இடுகாட்டை மிஷின் வச்சுத் தோண்டி லாரில அள்ளுவாங்க. இருநூத்திப் பதினோரு குழி. என் அம்மா அங்க இருக்கா. என் மகன் இருக்கான்."

"போகலேன்னா?"

"தொண்ணூறு நாள் தருவாங்க. நாங்களே எங்க கையால தோண்டி எடுத்து, எங்க முறைப்படி திரும்பப் புதைக்கலாம். உள்ளே பன்னெண்டு மைல் தள்ளி எட்டு ஏக்கர் மணல் தரை தர்றாங்க. ஆனா நான் கோர்ட்ல எழுந்து நின்னு, யாரும் மிரட்டல, நானாத்தான் சம்மதிக்கிறேன்னு வாயால சொல்லணும். அந்த அறையில பேசினது வெளியே வரக் கூடாது. முப்பது வருஷத்துக்கு அந்த எட்டு ஏக்கர் பத்திரம் நகரசபை பேர்லதான் இருக்கும். எங்க வாயிலிருந்தோ வேற யார் வாயிலிருந்தோ விஷயம் வெளியே வந்துதுன்னா இடத்தைத் திரும்ப எடுத்துக்குவாங்க."

"உங்க ஆளுங்ககிட்டக்கூடச் சொல்லக் கூடாதா?"

"எழுநூறு பேர்கிட்டச் சொன்னா அது ரகசியமா? எஸ்தர்கிட்டச் சொன்னா அவ சும்மா இருப்பாளா? நாளைக்கே தெருவுல இறங்கிக் கத்துவா. எனக்கு அவளைத் தெரியும்."

"அப்போ எல்லாரும் உங்களை..."

"ஆமா" என்றாள் ரூத்.

தண்ணீர் ஓரத்தில் ஒரு நாரை நின்றது. இவர்கள் நெருங்கியதும் அது எழுந்து அந்தப் பக்கம் போய் இறங்கியது. ரூத் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னே எங்கிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?" என்று அமலி கேட்டாள்.

"யார்கிட்டயாவது ஒருதடவை வாய்விட்டுச் சொல்லணும்போல இருந்தது. நீ எங்க ஆள் இல்ல. உன்கிட்டச் சொன்னா, அது அந்த மேட்டை விட்டு வெளிய போன மாதிரி. நான் இருக்கற வரைக்கும் சொல்லாதே. அதுக்கப்புறமும் அந்தக் குழிகளுக்குக் கெடுதல் வர்ற மாதிரி சொல்லாதே."

அமலி சரி என்றாள்.

மறுநாள் ரூத் அட்டமன் கோர்ட்டில் எழுந்து நின்று, தெளிவான குரலில், யாரும் தன்னை வற்புறுத்தவில்லை என்றும் முழு மனதோடு சம்மதிப்பதாகவும் சொன்னாள். பின்னால் யாரோ ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போகும் சத்தம் கேட்டது. அது எஸ்தர்.

மே மாதம் தொடங்கி ஜூலைக் கடைசி வாரம் வரை குழிகளைத் தோண்டினார்கள். முதலில் முந்நூறு பேர் வந்தார்கள். மேட்டை விற்றவளோடு மண்வெட்டி பிடிக்க மாட்டோம் என்று ஒவ்வொரு குடும்பமாக விலகி, தங்கள் வீட்டுக் குழிகளை மட்டும் எடுத்து மணல் தரையில் புதைத்துவிட்டுப் போயின. கடைசியில் நாற்பது பேர் மிஞ்சினார்கள். ஆள் இல்லாத பழைய குழிகளையெல்லாம் ரூத்தும் அந்த நாற்பது பேரும் எடுத்தார்கள். அமலி வேலையை விட்டுவிட்டு வந்து அவர்களோடு மண் சுமந்தாள். யாரும் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எலும்புகளை மானின் தோலில் சுற்றிக் கொடுப்பார்கள். வாங்கி, வண்டியில் கிழக்குத் தலைமாட்டாக வைப்பாள். இப்படி எழுபத்தாறு நாள்.

மேடு ஹார்லோவின் புதிய ஊராயிற்று. அங்கே நகரசபை கட்டிய பூங்காவின் வாசலில், ஒரு பித்தளைப் பலகையில் பொத்தானை அழுத்தினால் நீபவா தன் மொழியில் வரவேற்பாள். அந்தக் குரலின் உரிமை தீர்ப்போடு அவர்களுக்குப் போயிருந்தது. குழந்தைகளுக்கு அது மிகவும் பிடித்தது.

ரூத் அதற்குப் பிறகு இரண்டே வருஷம் உயிரோடு இருந்தாள். மன்றத் தலைமை போயிற்று. கூட்டங்களில் எழுந்து யாராவது அவள் முகத்துக்கு நேரே கேட்பார்கள், மிரட்டினார்களா, என்ன வாங்கினாய் என்று. யாரும் மிரட்டல, நானாத்தான் சொன்னேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். கணையத்தில் புற்றுநோய் வந்தது. எஸ்தர் கடைசிவரை பார்க்க வரவில்லை. அடக்கத்துக்கு இருபத்திரெண்டு பேர் வந்தார்கள். அந்த எட்டு ஏக்கர் மணலில், மகனுக்குப் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாவது குழியாக அவளை வைத்தார்கள்.

அவள் இறந்த மறுவருஷம் எஸ்தரும் இன்னும் நூறு பேரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். உடன்பாடு செல்லாது, ரூத்தை மிரட்டித்தான் சம்மதம் வாங்கினார்கள் என்பது வழக்கு. ஆத்திரம் அடங்கிய பிறகு எஸ்தர் யோசித்திருக்கிறாள். பத்தொன்பது வருஷம் முடியாது என்று சொன்னவள் ஒரே நாளில் மாறுவாளா? அதற்குச் சாட்சியாக அவர்கள் ரூத்தையே கேட்டார்கள். நீபவாவைப் போல இல்லை, ரூத்துக்கு ஆயிரக்கணக்கான மணி நேரப் பதிவு இருந்தது, அவள் குரலில், அவள் வார்த்தைகளில். இந்தத் தடவை காகிதம் எழுதிய வெள்ளைக்காரன் நடுவில் இல்லை. மறுகுரல் நிறுவனம் அமலி இல்லாமலேயே அவளை வார்த்தெடுத்தது. துல்லியம் தொண்ணூற்றெட்டு.

குலசேகரன் போன் செய்து சொன்னார். "நீ வருவியோ மாட்டியோன்னு தெரியல. சொல்லணும்னு தோணிச்சு."

அமலி போனாள். கோர்ட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தான் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அது பதிவாகும். பதிவானால் அன்றைக்கே அந்த எட்டு ஏக்கர் நகரசபைக்குத் திரும்பும். இந்த நீதிபதி ஓர் ஆளின் வாய்வார்த்தையை மட்டும் நம்பி உடன்பாட்டை ரத்து செய்வாரா? பதிவு இல்லாத பேச்சுக்குக் கோர்ட்டில் மதிப்பு போய் வெகுகாலமாயிற்று. குழிகள் போகும், மேடு திரும்பாது. அவள் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"ரூத், உங்களை யாராவது மிரட்டினார்களா?" என்று எஸ்தரின் வழக்கறிஞர் கேட்டார்.

அந்தக் குரல் வந்தது. அதே நிதானம். வார்த்தையைத் தொடங்கும் முன் மூக்கால் மூச்சை விடும் அதே பழக்கம்.

"யாரும் மிரட்டல. நானாத்தான் சொன்னேன்."

"நீங்கள் யாரையாவது காப்பாற்றுவதற்காக இப்படிச் சொல்கிறீர்களா?"

"இல்ல."

எஸ்தர் முன்னே சாய்ந்து, கோர்ட் என்பதை மறந்து, தங்கள் மொழியில் நேராகக் கேட்டாள். "அக்கா, என்கிட்டயாவது சொல்லு."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, எஸ்தர்."

அமலி தலையைக் குனிந்துகொண்டாள். நீபவா விஷயத்தில் இயந்திரம் தப்பாகச் சொல்லியிருக்கும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். இது தப்பு இல்லை. ரூத் உயிரோடு வந்து அந்தக் கூண்டில் நின்றிருந்தாலும் இதையேதான், இதே குரலில்தான் சொல்லியிருப்பாள். அப்படியானால் அந்த இன்னொருத்தி? முந்நூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பு அவளும் எதையாவது கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டுதான் அந்த மூன்று கோட்டைப் போட்டாளா? யாரைக் காப்பாற்ற? அது தெரிந்த ஓர் ஆள் அவளுக்கும் இருந்திருக்கலாம். அந்த ஆளும் வாயை மூடிக்கொண்டே செத்துப் போயிருக்கலாம்.

வழக்கு தள்ளுபடியானது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் எஸ்தர் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அமலி வேகமாகப் போய் அவள் கையைப் பிடித்தாள். போனைத் தூர வையுங்கள் என்றாள். எஸ்தர் புரியாமல் பார்த்தாள். அமலி தன் போனை அணைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். மூடிய அறை, இருபத்தோரு நாள், லாரி, எட்டு ஏக்கர், சதுப்பு ஓரத்தில் ரூத் சொன்னது ஒவ்வொன்றும்.

எஸ்தர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகத் தெரியவில்லை. மிகவும் களைத்த முகம்.

"நீபவா வித்தது பொய்யின்னு எங்களை நம்ப வச்சதும் நீங்கதான். அவ வாயாலயே குடுத்தேன்னு எங்களைக் கேக்க வச்சதும் நீங்கதான். இப்போ ரூத் சொன்னது பொய்யின்னு வந்து சொல்றீங்க."

"சத்தியமாச் சொல்றேன், எஸ்தர். என்கிட்டத்தான் சொன்னாங்க."

"அவளோட ஒண்ணா வளர்ந்தவ நான். என்கிட்டச் சொல்லாதத உங்ககிட்டச் சொன்னாளாக்கும்." எஸ்தர் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டாள். "இப்பத்தான் உள்ள அவளே சொல்லிட்டாளே, அமலி. அதை மாத்திச் சொல்ல நீங்க யாரு?"

அவள் காரில் ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது. கார் வளாகத்தைச் சுற்றி வந்து சாலையில் ஏறி, மற்ற கார்களுக்கு நடுவே போய்விட்டது.